ஆறு புள்ளி நான்கு

மருத்துவர் திரையைத் திருப்பிக் காட்டினார்.
"மூச்சை இழுத்துப் பிடியுங்கள்."
வலது விலாவுக்குக் கீழே குளிர்ந்த கூழ்,
அதன்மேல் ஒரு கருவி,
சூடில்லாத இஸ்திரிப்பெட்டிபோல் நகர்ந்தது.
சாம்பலாய்த் தெரிய வேண்டியது வெளுத்துக் கிடந்தது.
பக்கத்தில் சிறுநீரகம் மட்டும் இருட்டாக,
பனியில் நின்றுபோன வண்டி மாதிரி.

எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.
கிஷ்குன்ஷாக் சமவெளியில் முப்பத்தொரு வருஷமாய்
வாத்துகளின் ஈரலை வெளுக்க வைப்பதுதான் என் பிழைப்பு.
ஊறிய சோளம், குழாய்,
கழுத்தை நீவிவிடும் இரண்டு விரல்.
பதினேழே நாளில்
உள்ளங்கையளவு சிவப்பு ஒன்று
வெண்ணெய் நிறத்தில் தலையணையாய் உப்பிவிடும்.
கத்தி வைக்கும் முன்பே
தொட்டுச் சொல்வேன் எடையை.
என்னுடையதைத் தொட்டுப் பார்க்கத்தான் தோன்றியதில்லை.

"இரத்தத்தில் கொழுப்பு ஏறியிருக்கிறதாம்" என்றேன் வீட்டில்.
"உன் கொழுப்பு கல்யாணத்தன்றே தெரியுமே" என்றான் தெஜோ,
ரொட்டியில் வாத்து நெய்யைத் தடவியபடி.
சிரித்துவிட்டுத்தான் மீதியைச் சொன்னேன்:
சர்க்கரை, வெறும் வயிற்றில், ஆறு புள்ளி நான்கு.
வியாதி என்று இன்னும் எழுதவில்லை.
வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறது.

அவன் கத்தி ரொட்டியிலேயே நின்றது.
"நீ குடிப்பதே இல்லையே, எதேல்கா."
இல்லைதான்.
எனக்கு யாரும் குழாய் வைக்கவும் இல்லை.
கசகசா அடைத்த இனிப்பு ரொட்டி, பீச் பழச் சாறு,
இரவு பத்து மணிக்கு நின்றபடியே தின்ற மிச்சம்,
வாயை நானேதான் திறந்தேன்.

கல்லீரல்.
இன்னும் கல்லாகவில்லை, ஈரம் மிச்சமிருக்கிறது;
திரும்பக்கூடியதுதான், நடங்கள் என்றார்கள்.

நவம்பரில் வடக்கிலிருந்து காட்டு வாத்துகள் இறங்குகின்றன.
அவையும் புறப்படும்போது கொழுப்பை ஏற்றிக்கொண்டவைதாம்.
வழியெல்லாம் செலவழித்துவிட்டு
மெலிந்த குரலில் கத்துகின்றன.
என் கொட்டகை ஒரு நொடி அமைதியாகிறது.
ரப்பர் பூட்ஸோடு ஏரிக்கரை வரை போய் வருகிறேன்,
நாற்பது நிமிடம்,
முழங்கால் முனக முனக.

கொட்டகைச் சுவரில்
கணித்த எடைகளைச் சுண்ணக்கட்டியால் எழுதிவைப்பது வழக்கம்.
எழுநூற்றுப் பத்து. அறுநூற்றெண்பது.
அதன் கீழே எழுதினேன், ஆறு புள்ளி நான்கு.
வியாழக்கிழமை வந்த வியாபாரி
கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கேட்டான்:
"இது எந்த வாத்து?"

"அது விற்பனைக்கில்லை" என்று சொல்லிவிட்டுச்
சோள வாளியைத் தூக்கினேன்.
அடுத்த தீனிக்கு நேரமாகியிருந்தது.