ரீடிங்

சென்னிமலையில் இன்றைக்கு என் பங்கு
நூற்றுப் பன்னிரண்டு வீடுகள்.
எந்த வீட்டில் கொள்ளு வேகிறது,
எதில் நேற்றைய குழம்பைச் சுண்ட வைக்கிறார்கள் என்று
எண்களோடு சேர்ந்தே மூக்கில் ஏறிவிடும்.
அட்டையில் அதற்குக் கட்டம் கிடையாது.

துளசிமணி அக்கா வீட்டில் தறி நின்றிருந்தது.
அடுப்பில் எண்ணெய் சத்தம்.
கச்சாயம்!
ஓரம் மொறுமொறுவென்று, நடு மெத்தென்று,
வெல்லம் துளி கருகி
எள்ளோடு சண்டை போடும் வாசம்.
"ஏனுங் தம்பி, ஒன்னு வாயில போட்டுட்டுப் போங்."
முதலாவது நாக்கைச் சுட்டது.
இரண்டாவதுதான் ருசித்தது.
மூன்றாவதை "வேண்டாங்க்கா" என்றேன்,
கை நீண்டேதான் இருந்தது.
அக்கா வாயை நம்பிவிட்டார்.

அடுத்த வீதியில் அட்டையைப் பிரித்தால்
அக்கா வீட்டுக் கட்டத்தில் என் விரல் எண்ணெய்.
எட்டா, மூன்றா?
வெயிலில் தூக்கிப் பிடித்தேன்.
எட்டுதான். பளிச்சென்று எட்டு.
ஆனாலும் வண்டியைத் திருப்பினேன்.

"ரீடிங் சரியாப் பாக்கலீங்க்கா…"
மீட்டர் இருந்த பக்கம்
அவர் தலையைக்கூடத் திருப்பவில்லை.
வடிதட்டை என் பக்கம் நகர்த்தினார்.

பழைய ரீடிங் ஆறு.
கிளம்பும்போது இரண்டு.