யாருடையதோ

கடல் உள்வாங்கியிருக்கிறதாம்,
படகு பத்தரைக்குத்தான் என்றார்கள்.
வட்டக்கோட்டை வரை போய்
மதில்மேல் உட்கார்ந்து
ஒரு சீப்பு மட்டிப்பழம் தின்று
திரும்பியும் வரிசை நகரவில்லை.

பிறகு குவியலிலிருந்து ஓர் ஆரஞ்சுச் சட்டை
என்மேல் வந்து விழுந்தது.
ஈரம். விபூதி வாசம்.
வாரில் சிக்கிய நீண்ட தலைமுடி ஒன்று.
மாட்டிக்கொண்டேன்,
இன்னும் சூடு ஆறவில்லை.

"இறுக்கிக் கட்டும். விழுந்தா
நான் சாட மாட்டேன், பாத்துக்கிடும்"
என்றான் படகில் நின்ற ஜெனிஸ்டன்,
சிரிக்காமல்.
அவன் எதுவும் போட்டிருக்கவில்லை.

எட்டு நிமிடம் அலை.
பாறையில் கால் வைத்ததும்
கழற்றி எறிந்தேன்.

கரைக்குத் திரும்பும் கூட்டத்தில்
ஒரு பையன் அதையே எடுத்தான்.
தலையை நுழைத்தவன் பாதியில் நின்று
மோந்து பார்த்து
அம்மாவிடம் சொன்னான்:
பழம்.