வரிசை 41, பத்தி 17

முதுகலை இரண்டாம் ஆண்டு.
நிலத்தடி நீர் மாதிரியாக்கம், ஆறு கிரெடிட்.
லா மஞ்சா சமவெளியை
இருநூற்றைம்பது மீட்டர்க் கட்டங்களாக அறுத்து
ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்திருக்கிறோம்.
திராட்சைக்கொடி இல்லை, கோயில் மணி இல்லை,
சுண்ணாம்புப் பாறை எத்தனை தடிமன்,
பெய்த மழையில் எத்தனை சதவீதம் கீழே போகும்,
அவ்வளவுதான் ஊர்.

மற்ற கட்டங்கள் எல்லாம் வழிக்கு வந்தன.
வரிசை 41, பத்தி 17 மட்டும் முரண்டு பிடித்தது.
கணினி சொன்ன மட்டத்துக்கும்
அளவுக்குழாயில் நாடா விட்டுப் பார்த்த மட்டத்துக்கும்
நாலு மீட்டர் முப்பது வித்தியாசம்.
ஆள்மேல் ஆள் நின்றாலும் முங்கிப்போகும் ஆழம்.

"மழையைக் குறைத்துப் பார்" என்றான் இன்யீகோ.
பில்பாவோக்காரன், மழை அவனுக்கு
குறைத்துக்கொள்ளக்கூடிய ஒரு பொருள்.
குறைத்தேன். சுற்றியிருந்த எட்டுக் கட்டங்களும் கெட்டன.
"அப்படியென்றால் ஒரு பாறைப்பிளவை வரைந்துவிடு.
யார் தோண்டிப் பார்க்கப் போகிறார்கள்?"

தோண்டத் தேவையே இல்லை.
முலாம்பழக் கொட்டகைக்குப் பின்னால்
தகரம் போட்டு, தகரத்தின்மேல் பழைய டயர் அடுக்கி
எண்பத்தைந்து மீட்டரில் ஒரு துளை இருக்கிறது.
எந்தப் பதிவேட்டிலும் அது கிடையாது.
நீர்வாரிய வண்டி வரும் நாட்கள்
அப்பாவுக்குப் புனிதர் திருநாட்களைப்போல மனப்பாடம்.
கிணறு வெட்டினால் பூதம் புறப்படும் என்பார்கள்.
எனக்கு அந்தப் பூதம் சின்ன வயதிலேயே பழக்கம்;
கோடை இரவுகளில் அதன் உறுமலில்தான் தூங்கினேன்.
கல்லூரிக் கட்டணமும் அதே குழாய் வழியாகத்தான் வந்தது,
மூன்று தவணை.

குவாதியானா ஆறு தரையைத் துளைத்துப் பொங்கிய இடங்களை
எங்கள் பக்கத்தில் கண்கள் என்பார்கள்.
நான் பிறக்கும் முன்பே மூடிக்கொண்டவை.
பள்ளியில் படிக்கும்போது ஒருமுறை லேசாகத் திறந்தன.
ஊரே போய்ப் பார்த்தது. கார் நிறுத்த இடமில்லை.
கணுக்கால் அளவுத் தண்ணீர்.
அப்பா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.
அன்றிரவும் மோட்டார் ஓடியது.

மென்பொருளில் கிணறு தோண்டுவது சுலபம்.
இடம், ஆழம், நாளொன்றுக்கு இவ்வளவு.
உறிஞ்சும் நீருக்கு எதிர்க்குறி போட வேண்டும்,
மறந்தால் கிணறு குடிக்காமல் கக்கும்.
இரவு ஆறு மணி நேரம் என்று ஊகித்துப் போட்டேன்.
வித்தியாசம் ஒரு மீட்டர் பத்துக்கு இறங்கியது.
கைதட்டத் தோன்றியது.
அந்தச் சந்தோஷத்தை எனக்குப் பிடிக்கவில்லை,
ஆனாலும் சந்தோஷம்தான்.

போன் போட்டேன்.
"ராத்திரி எத்தனை மணி நேரம் ஓட்டுகிறீர்கள்?"
பின்னால் கால்பந்து வர்ணனை. பிறகு அதுவும் அணைந்தது.
"எதுக்கு?"
"வீட்டுப்பாடம்."
கிலோ முலாம்பழம் இருபத்திரண்டு சென்டிமோ என்றார்.
ஃபெர்மினின் நாய் குட்டி போட்டிருக்கிறது என்றார்.
நான் வைக்கப்போகும்போது சொன்னார்:
"எட்டு. ஆகஸ்டில் பத்து."

எட்டு போட்டேன். இன்னும் அறுபது சென்டிமீட்டர் மிச்சம்.
அது பக்கத்து நிலத்து ஃபெர்மினுடையதாக இருக்கலாம்.
அதை நான் கேட்கவில்லை.

பேராசிரியர் ஒல்மேதோவின் குறிப்பு நேற்று வந்தது:
"அழகாகப் பொருந்துகிறது. புதிய கிணற்றுக்கு ஆதாரம்?"
அச்சில் வராத தகவலுக்கும் விதி உண்டு,
கையேட்டில் பக்கம் பன்னிரண்டு:
குடும்பப் பெயர், முதலெழுத்து, வாய்மொழித் தகவல், தேதி.

அல்மார்ச்சா, எ.
என்று தட்டினேன்.
முதல் பக்கத்தில், தலைப்புக்குக் கீழே,
அதே அல்மார்ச்சா ஏற்கெனவே இருந்தது.

அழித்தேன். பாறைப்பிளவு ஒன்றை வரைந்தேன்,
நேர்த்தியாக, வடமேற்கிலிருந்து.
அதையும் அழித்தேன்.

திங்கள் காலை ஒன்பதுக்குள் அனுப்ப வேண்டும்.
இப்போது ஞாயிறு நள்ளிரவு,
மலிவு மின்சாரம் தொடங்கும் நேரம்.