வழு எண் நாற்பத்தொன்று

பெண்கள் ஏன் வருவதில்லை என்று கேட்டுவிட்டு
பதினேழு ஆண்களும் என்னைப் பார்த்தார்கள்.
மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே
ஒற்றை மாடி அறை.
பதினெட்டாவது ஆள் நான்.
அன்றைக்குப் பெண்கள் என்றால் நான்தான்.

வாயால் சொன்னால் காற்றோடு போகும்.
உங்கள் வழக்கப்படி
வழுவாகவே பதிகிறேன் என்றேன்.

மாடிப்படியில் விளக்கு எரிவதில்லை.
கூட்டம் தொடங்குவது சனிக்கிழமை ஏழு மணிக்கு,
சூடு பிடிப்பது எட்டரைக்கு.
முதுநகர் போகும் என் பஸ்
எட்டே முக்காலுக்கு.
கழிவறைச் சாவி ஜெராக்ஸ் கடைக்காரரிடம்;
எட்டு மணிக்கே அவர் ஷட்டரை இறக்கிவிடுவார்.
நம்பாதவர்கள்
மத்தியானத்திலிருந்து தண்ணீர் குடிக்காமல்
ஒரு சனிக்கிழமை வந்து பாருங்கள்.
ஒவ்வொரு முறையும் இந்த வழு தவறாமல் தோன்றும்.

இன்னொன்று, இதைப் பதிய
எந்தக் கட்டத்திலும் இடமில்லை:
கேள்வி நான் கேட்கிறேன்,
பதில் பக்கத்து நாற்காலி இளம்பரிதிக்குப் போகிறது.
பாவம், அவன்
"அவங்கதாங்க கேட்டாங்க" என்று
கூரியர் பையன்போல் கைகாட்டுகிறான்.

ஆனாலும் ஏன் வந்தேன் என்றால்,
கட்டற்ற மென்பொருள் என்று
வாசலில் ஒரு தாள் ஒட்டியிருந்தீர்கள்.
அதுவரை எனக்குத் தெரிந்த கட்டு
கட்டிக்கொடுப்பது, கட்டிக்கொண்டு அழுவது,
கட்டாத பரீட்சைப் பணம்.
திறந்து பார், மாற்று, அடுத்தவருக்கும் கொடு
என்று எழுதிக்கொடுத்த ஒரு பொருளை
அதற்குமுன் நான் தொட்டதில்லை.
தையல் மெஷினைக்கூட
எண்ணெய் விட மட்டும்தான் அனுமதி.

மின்விசிறி சத்தம் கொஞ்ச நேரம்.
ஞாயிறு காலை வைத்துக்கொள்ளலாமா என்றார் ஒருவர்.
ஞாயிறு காலை மீன் யார் ஆய்வது என்றேன்.
இந்த முறை
பதில் என்னைப் பார்த்தே வந்தது:
சரி, சனிக்கிழமை மூன்று மணி.

விளக்கு அடுத்த வாரமே வந்தது, ஒன்பது வாட்.
சாவிக்கு மாற்றுச்சாவி அடிக்க
இரண்டு மாதம் ஆயிற்று. ஏனென்று தெரியவில்லை.

நாலாவது மாதம்
சிங்காரத்தோப்பு அஞ்சலாட்சி அக்காவைக் கூட்டிப்போனேன்.
எங்கள் கணக்குச் செயலி அவர் போனில் இருந்தது,
திறக்காமலே.
"இதுல கிலோதான் இருக்கு.
காரப்பொடிய எவ கிலோவுல விப்பா?
கூறு எங்க?"

கூறு எங்கே என்று
பதினேழு பேரும் திரையில் தேடினார்கள்.

அன்றிரவு வீட்டில்
நான்கு வரி மாற்றினேன்.
காலையில் அதைச் சோதித்த ரஹ்மத்பீ
அரைக்கூறு விழவில்லை என்றாள்.
அரைக்கூறு உண்டா என்று அக்காவைக் கேட்டதற்கு
"வெயில் ஏறட்டும், காலு கூறும் உண்டு" என்றார்.
நான்கு வரி பதினொன்றாயிற்று.

பங்களித்தவர் பட்டியலில்
அக்கா பெயரைச் சேர்த்தபோது
அவங்க நிரல் எழுதலையே என்றார் ஒருவர்.
எழுதாமல் எங்களை எழுதவைத்தார் என்று
இளம்பரிதி சொன்னான்.
அதை நான் சொல்வதாக இருந்தேன்.

இப்போது நாலு பெண்கள் வருகிறோம்.
நாற்பத்தொன்றை மூடிவிடலாமா என்று
மாதாமாதம் யாராவது கேட்கிறார்கள்.
சாவி என் பையில் இருக்கிறது, வழு அப்படியே இருக்கட்டும் என்கிறேன்.

நேற்று அக்கா போன் செய்தார்.
சிங்கி இறாலுக்குக் கூறு கிடையாதாம்,
எண்ணித்தான் விற்பார்களாம்.
வழு எண் ஐம்பத்தெட்டு,
பதிந்தவர்: அஞ்சலாட்சி,
நிலை: திறந்திருக்கிறது.