பதினெட்டு

இரண்டாம் இரவு, மணி மூன்று.
வலப்பக்கக் கட்டுக்குள் மட்டும்
யாரோ உட்கார்ந்து ஊதுகிறார்கள்.
கன்னம் பொங்குகிறது, மூடிபோட்ட மாவைப் போல.
சுல்மா, என்றேன். எழுந்திரு.
அக்கா விளக்கைப் போட்டாள்.
என் முகத்தைப் பார்க்கும் அவள் முகத்தைப் பார்த்தேன்,
கண்ணாடி தேவைப்படவில்லை.

மொண்டேவிடியோவில் ஜூலை குளிர்.
டாக்சிக்காரர் ரேடியோவை அணைத்துவிட்டு
கடலோரச் சாலையின் சிவப்பு விளக்குகளை
ஒன்றுவிடாமல் தாண்டினார்.
பாதி வழியில், என்னைப் பார்க்காமல்,
"புருஷன் அடித்தானா?" என்று கேட்டார்.
"இல்லை, காசு கொடுத்து வாங்கியது" என்றாள் அக்கா.

டாக்டர் பரேய்ரோ
பைஜாமாவின் மேல் கோட்டு மாட்டிக்கொண்டு வந்தார்.
அவரே போட்ட தையலை அவரே பிரித்தார்.
உள்ளே ஒரு கைப்பிடி ரத்தக்கட்டி.
இருமினீர்களா? குனிந்தீர்களா? சிகரெட்?
"இல்லவே இல்லை, டாக்டர்."

குளியலறை ஜன்னல், குழாயைத் திறந்துவிட்டு,
இரண்டு.
இரண்டே இரண்டு.

பத்தாம் நாள் காதுக்குப் பின்னால்
ஒரு நாணய அகலத்துக்குத் தோல் கறுத்தது.
அவர் அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.
எத்தனை என்று கேட்கவில்லை.
கேட்டிருந்தால் பொய்யாவது சொல்லியிருப்பேன்.

இத்தனைக்கும் நான் அழகி ஆக ஆசைப்படவில்லை.
எண் லாட்டரி ஜன்னலில் முப்பத்தொரு வருடம்.
ஒன்பது மணி நேரம் தூங்கிவிட்டு வந்த நாளிலும்
"களைத்துத் தெரிகிறாயே நெலிதா" என்பார்கள்.
அந்த ஒரு வாக்கியத்தை அறுத்தெறியத்தான்
காரை விற்றேன்.

எங்கள் லாட்டரியில் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு கனவு உண்டு.
பித்துப்பிடித்தவன் இருபத்திரண்டு. ரத்தம் பதினெட்டு.
வாடிக்கைக்காரர் வாஷிங்டன் பெரேய்ரா
வெறுங்கையோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார்,
நடந்ததைக் கேட்டார், மரியாதைக்காகத் தலையை ஆட்டினார்,
நேரே போய்ப் பதினெட்டில் இருநூறு பேசோ கட்டினார்.
விழுந்தது எண்பத்தொன்று.
எண்பத்தொன்று என்றால் பூக்கள்.
வரும்போது வாங்கி வந்திருக்கலாம், என்றேன்.
சிரித்தார். நானும் சிரித்தேன்.
அப்போதுதான் தெரிந்தது
என் உதட்டில் பாதி மட்டும் சிரிப்பது.

நரம்பு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வளரும்,
பொறுத்திருங்கள், என்றார் டாக்டர்.
காது மடலிலிருந்து வாயோரம் வரை
அளவுகோல் வைத்துப் பார்த்தேன்: நூற்று நான்கு.
நவம்பர் என்று நாட்காட்டியில் குறித்தேன்.
அதுவரை மாத்தே குடிக்கும் வெள்ளிக் குழலை
இடது ஓரமாய்ச் செருகிக்கொண்டேன்.
அப்படியும் ஒழுகியது,
பச்சைக் கறை எல்லாச் சட்டையிலும்.
ஒரு காலை தலைமுடி உலர்த்தும்போது
தீய்ந்த வாடை வந்தது.
அடுப்பை ஓடிப் பார்த்தேன்,
அடுப்பு குளிர்ந்திருந்தது.
என் காதுதான்.

நவம்பர் வந்தது, ஜகரண்டா ஊதாவாய் உதிர்ந்தது.
உதடு முக்கால் வழி வந்து எங்கோ நின்றுவிட்டது.
ஜன்னலில் தோற்றவர்கள் என்னை முறைக்கிறார்கள்,
நான் கேலியாய்ச் சிரிப்பதாக நினைத்து.
ஜெயித்தவர்களுக்கு அது கண்ணிலேயே படுவதில்லை.
களைத்துத் தெரிகிறாய் என்று மட்டும்
இப்போது யாரும் சொல்வதில்லை.
அதற்குக் கொடுத்த காசு அதற்குச் சரி.

இந்த ஊரில் சந்தித்தால் கன்னத்தில் ஒரு முத்தம்,
எப்போதும் வலக்கன்னம்.
முதலில் நான் இடது பக்கம் காட்டிப் பார்த்தேன்,
மூக்கோடு மூக்கு இடித்துக்கொண்டது, மன்னிப்புக் கேட்டோம்.
இப்போது பழைய பக்கமே காட்டுகிறேன்.
குளிரா சூடா, மீசையா மழித்ததா,
ஒன்றும் தெரிவதில்லை.
காதுக்கு மிக அருகில்
சத்தம் மட்டும் கேட்கிறது,
அடுத்த வீட்டில் யாரோ யாரையோ
முத்தமிடுவதுபோல.