அந்தக் கயிறு

எங்கள் படகில் மொத்தம் பதினொரு கயிறுகள்.
"அந்தக் கயிற்றை இழு" என்றான் துக்துவால்.
எந்தக் கயிற்றை என்று கேட்டேன்.
ஒதியேர்ன் துறைமுகத்தின் வாயைத் தாண்டுவதற்குள்
சண்டை பதினான்கு வருஷம் பின்னால் போய்விட்டது.

அதன்பின் பேச்சில்லை.
ஆனால் படகில் பேசாமல் இருக்க முடியாது.
ஏழு மீட்டர் நீளம், பெயர் பிகோர்னோ,
எங்கள் ஊர்க் கடல் நத்தை. வேகமும் அதுதான்.
காற்று மேற்கிலிருந்து. நாங்கள் போக வேண்டியதும் மேற்கே.
காற்றின் முகத்துக்கு நேராக எந்தப் பாயும் ஏறாது.
இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம்,
கிழிசலுக்குத் தையல் போடுகிற மாதிரி
கோணிக் கோணித்தான் ஏற வேண்டும்.
ஒவ்வொரு திருப்பத்திலும் சுக்கான் பிடிப்பவர் கேட்க வேண்டும்:
"தயாரா?"
கயிறு பிடிப்பவர் சொல்ல வேண்டும்: "தயார்."
சொல்லாமல் திருப்பினால்
பாயின் அடிக்கட்டை மண்டையைப் பதம் பார்க்கும்.
நியாயம் யார் பக்கம் என்று கட்டை விசாரிக்காது.

ஆக, காலை முழுக்க
எங்கள் தாம்பத்தியம் இரண்டே சொல்லில் ஓடியது.

நான் அணியத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன்,
அவன் என்னைப் பார்த்து.
என் இடது அவனுக்கு வலது.
அதனால்தான் கடலில் இடது வலது பேச்சில்லை.
படகுக்கே சொந்தமாய் ஒரு சிவப்புப் பக்கம், ஒரு பச்சைப் பக்கம்.
நீ எப்படித் திரும்பி நின்றாலும்
சிவப்பு சிவப்புதான்.
வீட்டுக்கு அப்படி விளக்கு வைக்க
யாருக்கும் தோன்றவில்லை.

விலகல் என்று ஒன்று உண்டு.
மூக்கு காட்டுவது ஒரு திசை, போய்ச் சேருவது வேறு.
காற்று விலாவில் கைவைத்துத் தள்ளிக்கொண்டே இருக்கும்,
உள்ளே இருப்பவருக்குத் தெரியாது.
திரும்பிப் பார்த்தால்
பின்னால் நுரைத்தடம் கோணலாய்க் கிடக்கும்.
அதையும் கழித்துத்தான் கணக்குப் போட்டேன்.
அப்படியும் பொருந்தவில்லை.

"கோட்டைவிட்டு நகர்ந்துகொண்டே போகிறாய்."
(இது தொழில் பேச்சு. சமாதானம் இல்லை.)
"திசைகாட்டி சொன்னபடிதான் பிடிக்கிறேன், அசெனோர்."
"திசைகாட்டியைக் குறை சொல்லாதே."

சேன் நீரிணையில் ஓட்டம் ஏறக்குறைய
ஆறு மணிநேரம் வடக்கே, ஆறு மணிநேரம் தெற்கே.
நடுவில் சிறிது நேரம் நீர் நிற்கும்.
அதற்குள் நுழைந்தால் குளம்,
தவறினால் உலைநீர்.
வாசலில் பாறைமேல் ஒரு கலங்கரை விளக்கம், பெயர் கிழவி.
அவளுக்குப் பின்னால், தூரத்தில், தெவெனெக் பாறையின் வீடு.
ஒன்று மற்றொன்றுக்குப் பின்னால் நகர்ந்து நகர்ந்து
சரியாக மறைகிற கணம்
நீ நிற்கிற கோடு எது என்பதில் சந்தேகமே கிடையாது.
காந்தம் பொய் சொல்லும். கணக்கு பொய் சொல்லும்.
இரண்டு பாறைகள் கூடிப் பேசிப் பொய் சொல்வதில்லை.

வரைபடத்தில் ஓர் எண், திசைகாட்டியில் ஓர் எண்.
நடுவே ஆறு டிகிரி.

துக்துவால் குனிந்தான்.
பலகைக்கு அந்தப் பக்கம், அறையின் தட்டில்,
என் டிரான்சிஸ்டர்.
வானிலை அறிக்கை கேட்க நான் வைத்தது.
ஒலிபெருக்கிக்குள் உள்ளங்கை அகலக் காந்தம்.

அவன் ஒன்றும் சொல்லவில்லை.
அதை எடுத்து, என் கம்பளித் தொப்பியில் சுற்றி,
படுக்கையின் முன்கோடியில் வைத்துவிட்டு வந்தான்.
முள் உதறிக்கொண்டு
கயிறு அவிழ்த்த கன்றுபோல் தலையாட்டி
தன் வடக்கில் போய் நின்றது.

நான் மன்னிப்புக் கேட்கவில்லை.
ப்ரெஸ்ட் வேலையை ஒப்புக்கொண்டதை
என்னிடம் மறைத்தது அவன்தான்,
அது அப்படியேதான் இருக்கிறது.
கமாரேயில் நங்கூரம் பிடித்தபின் பார்த்துக்கொள்ளலாம்.

நீர் நிற்க நான்கு நிமிஷம்.
"அந்தக்..." என்று ஆரம்பித்தான். நிறுத்தினான்.
"பச்சைப் பக்கம், முன்பாய்த் தாமான்" என்றான்.
தாமான்: பாயின் கீழ்நுனியைப் பிடித்திருக்கும் கயிறு.
பதினொன்றில் அந்தப் பெயருக்கு
அந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்று.

இழுத்தேன்.