அயோவா, ஐந்து சென்ட்

போர்க்காலத்தில் சோளம் பொன்னாய் விற்றது.
வங்கிக்காரனே வீடு தேடி வந்து
கடன் வாங்கிக்கொள் என்றான்.
ஹால்வர் ட்ராக்டர் வாங்கினான். நான் பியானோ.

இந்தக் குளிருக்கு
அடுப்பில் சோளத்தையே எரிக்கிறோம்.
கரியைவிட மலிவு.

இன்று ஹால்வரின் பண்ணை ஏலம்.
முந்நூறு பேர், கோட்டுப் பைக்குள் கைகள்.
களஞ்சிய வாசலில் யாரோ கட்டிய சுருக்குக் கயிறு
சும்மா ஆடுகிறது.
ட்ராக்டர், ஐந்து சென்ட்.
பசு, கன்றோடு, பத்து.
வெளியூர்க்காரன் ஒருவன் வாயைத் திறந்தான்;
தோளில் ஒரு கை விழுந்தது.
ஷெரீஃப் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.
எல்லாம் ஹால்வருக்கே திரும்பிப் போயிற்று.

போன வருஷம் விதவை டோர்த்தியாவின் ஏலம்.
தையல் மெஷினை நாலு டாலருக்கு
நான்தான் எடுத்தேன்.
அன்று என் தோளில்
எந்தக் கையும் விழவில்லை.

இந்தக் கோட்டின் கிழிசலை
என் மனைவி தைத்தது
அதில்தான்.